வியர்வைக்குத் தாங்கும் வாட்ச்

ஓட வந்து இரண்டு மூன்று மாதம் ஆனவர்கள் முதலில் ஷூவைப் பற்றிக் கேட்பார்கள். அது ஓய்ந்ததும் வாட்ச். "இதயத் துடிப்பு காட்டணும் சார், ஆனா ரொம்ப நாள் உழைக்கணும்." பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் விடியுமுன்பே கூடுகிற கூட்டத்தில் இந்தக் கேள்வி எழாத ஞாயிற்றுக்கிழமை அபூர்வம். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி, "அதை வாங்குங்க" என்று முடித்துவிடலாம். எனக்கு வாய் வராது. துடிப்பைச் சரியாக அளப்பது ஒரு வேலை. பல வருஷம் கெடாமல் கையில் கிடப்பது வேறொரு வேலை. கேட்கிறவர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு கேட்கிறார். விற்கிறவர்களும் அப்படித்தான் நினைக்க வைக்கிறார்கள்.

ஆரம்பத்தில் இரண்டும் தனித்தனியாகத்தான் இருந்தன. பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகப் பேராசிரியர் செப்போ சைனயாகங்கஸ், 1977இல் கெம்பெலே என்ற ஊரில் போலார் நிறுவனத்தைத் தொடங்கினார். பனியில் நெடுந்தூரம் சறுக்கிப் போகும் வீரர்கள், நிற்காமலே தங்கள் துடிப்பைப் பார்க்க ஒரு வழி வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. 1982இல் அந்த நிறுவனம் கொண்டுவந்த ஸ்போர்ட் டெஸ்டர் பிஇ 2000, கம்பி இணைப்பு இல்லாமல் உடம்பில் அணிந்துகொள்ளும் முதல் துடிப்புமானி. நெஞ்சில் ஒரு பட்டை, கையில் ஒரு வாட்ச். பட்டை அளக்கும், வாட்ச் காட்டும். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கும்போது பிடிக்கிற அதே மின் அசைவைத்தான் நெஞ்சுப் பட்டை பிடிக்கிறது. இதயம் சுருங்கும்போது உண்டாகும் மின்துடிப்பை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்பதால் பிழை குறைவு.

மணிக்கட்டிலேயே அளக்கும் வாட்சுகள் ஓட்டக்காரர்களிடையே பரவியது ஏறக்குறைய 2015ஐ ஒட்டி. வாட்சின் அடியில் பச்சை விளக்கு மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் சற்றுக் கூடும், திரும்பி வருகிற ஒளி அந்த அளவுக்குக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணி வாட்ச் கணக்குச் சொல்கிறது. உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் இது நன்றாகவே வேலை செய்யும். ஓடும்போதுதான் வம்பு. கை ஆடுகிறது, வாட்ச் தோலைவிட்டு விலகி விலகி ஒட்டுகிறது, இடுக்கில் வெளிச்சம் புகுகிறது. போதாக்குறைக்கு, ஓடுகிறவரின் காலடி நிமிடத்துக்கு 160லிருந்து 180 வரை விழுகிறது. வாட்ச் சில சமயம் அந்த அதிர்வையே துடிப்பு என்று பிடித்துக்கொள்ளும். பாட்டைக் கேட்காமல் பக்கத்து வீட்டு உரல் சத்தத்துக்குத் தாளம் போடுவது மாதிரி. எங்கள் குழுவில் ஒருவர், மெதுவாக ஓடிய நாளில் 172 காட்டியது என்று பதறிப்போய் வந்தார். பேச்சு சரளமாக வருகிறது, மூச்சு வாங்கவில்லை. கழுத்தில் விரலை வைத்து எண்ணச் சொன்னோம்; அது வேறு கணக்குச் சொன்னது. மறுபடி ஓடவிட்டுக் காலடியை எண்ணினால், வாட்ச் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

நம் நிறத்துக்கு அந்தப் பச்சை விளக்கு சரிப்படுமா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. தோலின் நிறமியும் பச்சை ஒளியை உறிஞ்சத்தான் செய்யும். அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், தோல் நிறத்தால் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் தெரிந்தது கருவிக்குக் கருவி. அப்புறம், சும்மா இருப்பதற்கும் அசைவதற்கும் இடையில். எனவே பழியை நிறத்தின் மேல் போடாமல் கை ஆட்டத்தின் மேல் போடலாம். வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரற்கடை மேலே ஏற்றி, நகராதபடி இறுக்கிக் கட்டினால் பாதி வம்பு தீரும். மிச்சப் பாதி தீராது. எடை தூக்குகிறவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் மணிக்கட்டு மடங்கியும் இறுகியும் இருப்பதால், இந்த மிச்சம் இன்னும் பெரியது.

எண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். குளிர்ந்த ஊராக இருந்தால் நானும் விட்டுவிடுவேன். அங்கே வேகத்தைப் பார்த்தே பயிற்சி செய்யலாம். சென்னையில் வேகம் ஏமாற்றும். மே மாதத்தில் ஐந்து மணிக்கே காற்று ஈரமாகக் கனக்கிறது; வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை; உலராத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதும் இல்லை. சூட்டைத் தணிக்க ரத்தம் தோலுக்குத் திருப்பிவிடப்படுகிறது. நீர் இறங்க இறங்க ரத்தத்தின் அளவும் சுருங்குகிறது. ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தம் குறையும்போது, அது எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. அதனால், ஒரே வேகத்தில் ஓடினாலும் அரைமணி கழித்துத் துடிப்பு மெல்ல ஏறும். ஜனவரியில் சுகமாக இருந்த வேகம் மே மாதத்தில் உடம்பை முறிக்கும். இதை முன்கூட்டியே சொல்வது துடிப்பு ஒன்றுதான். பனிச்சறுக்குக்காகப் பிறந்த கருவி, பனியே விழாத ஊரில் இவ்வளவு பயன்படுவது வேடிக்கைதான்.

உச்சத் துடிப்பைக் கணக்கிட 220லிருந்து வயதைக் கழிப்பது எல்லோருக்கும் தெரியும். 2001இல் தனாகா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் திருத்திச் சொன்ன கணக்கு வேறு: வயதை 0.7ஆல் பெருக்கி 208லிருந்து கழிக்க வேண்டும். அறுபது வயதுக்காரருக்கு முதல் கணக்கு 160 என்கிறது, இரண்டாவது 166 என்கிறது. இரண்டுமே சராசரிதான். ஆளுக்கு ஆள் பத்து துடிப்புக்கு மேலும் மாறும். வாட்ச் தானாகப் போட்டுக்கொள்ளும் வண்ண வண்ணத் துடிப்பு மண்டலங்கள் இந்த மாதிரிக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

இனி, உழைப்பது பற்றி. விளம்பரத்தில் வாட்ச் பாறையில் மோதும், சேற்றில் புதையும், 'ராணுவத் தரம்' என்று ஒரு முத்திரை விழும். அந்த முத்திரைக்குப் பின்னால் இருப்பது மில்-எஸ்டிடி-810 என்ற அமெரிக்க ராணுவச் சோதனை முறைகளின் தொகுப்பு. அதில் எந்தச் சோதனையை, எந்த அளவுக்குச் செய்தோம் என்பதைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் தயாரிப்பாளர்தான். நம்மில் யார் பாறையில் மோதுகிறோம்? நான் பார்த்தவரை, இங்கே வாட்ச் சாவதற்குக் காரணம் மெல்லிய சமாசாரங்கள். வியர்வை உப்பு சார்ஜ் ஏற்றும் முனைகளில் படிந்து பச்சைக் களிம்பு பிடிக்கும். ஈரத்தோடு சார்ஜரில் மாட்டினால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். வார் நுனியில் வெடிக்கும். கொசுவுக்குப் பூசுகிற டீட் கலந்த களிம்பு சில வகைப் பிளாஸ்டிக்கையே கரைக்கும். அதைப் பூசிய கையோடு வாட்சைத் தொடுகிற பழக்கம் பலருக்கு உண்டு.

50 மீட்டர் என்று பின்பக்கம் எழுதியிருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது புது வாட்ச், அசையாத நீரில், அந்த ஆழத்துக்கு ஈடான அழுத்தத்தைத் தாங்கிய கணக்கு. குளத்தில் நீந்தப் போதும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் வெந்நீராலும் சோப்பாலும் வருஷங்களாலும் இறுகிப்போகும். குளிக்கும்போது கழற்றி வைப்பதும், ஓடி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைப்பதும் எந்த முத்திரையையும்விட அதிகம் காக்கும்.

கண்ணாடி விஷயத்தில் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. சாதாரணக் கண்ணாடி 6க்குக் கீழே. ஆகவே மணல் பட்ட கையால் துடைத்தாலே கீறல் விழும். சஃபையர் கண்ணாடியின் கடினம் 9, மணல் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் கடினமான பொருள் ஓரத்தில் அடிபட்டால் நொறுங்கவும் செய்யும். மணலில் பயிற்சி செய்யாதவர் அதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. கொடுப்பதானால், நிஜமான பட்டன்கள் உள்ள வாட்சுக்குக் கொடுக்கலாம். வியர்த்த விரலுக்கும் மழைத்துளிக்கும் தொடுதிரை வித்தியாசம் பார்ப்பதில்லை. நான்காவது சுற்றில் நிறுத்தப் போனால் பாட்டு மாறும்.

உண்மையில் ஆயுளைத் தீர்மானிப்பது பேட்டரி. லித்தியம் பேட்டரியை முழுசாக ஒரு ஐந்நூறு தடவை ஏற்றி இறக்கினால் அதன் கொள்ளளவு கணிசமாகக் குறையும் என்பது பொதுவான கணக்கு. தினமும் சார்ஜ் கேட்கிற வாட்ச் ஒன்றரை வருஷத்துக்குள் அந்த ஐந்நூறைத் தொட்டுவிடும். வாரத்துக்கு ஒருமுறை கேட்கிற வாட்சுக்கு ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகும். பேட்டரி நாள் கணக்கைக் கடையில் எல்லோரும் வசதி என்று நினைத்துப் பார்க்கிறார்கள். அதை ஆயுள் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். மாற்றிக்கொள்ளலாமே என்றால், அது அவ்வளவு சுலபம் இல்லை. புரசைவாக்கத்தில் எனக்குத் தெரிந்த வாட்ச் ரிப்பேர்க்காரர் ஒருவர், என் பழைய வாட்சை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பசை போட்டு ஒட்டியிருக்கான் சார். தொறக்கச் சொன்னா தொறக்கறேன். அப்புறம் தண்ணி உள்ள போச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது." நேர்மையான மனிதர். நான் திறக்கச் சொல்லவில்லை.

இன்னொரு சாவும் உண்டு. வாட்ச் நன்றாக இருக்கும், அதன் பின்னால் இருந்த சேவை போய்விடும். துடிப்பு அளந்த மைக்ரோசாஃப்ட் பேண்டுக்கான சேவையை அந்த நிறுவனம் 2019 மே மாதத்தோடு நிறுத்தியது. 2020 ஜூலையில், வாட்ச் தயாரிக்கும் கார்மின் நிறுவனத்தின் மீது நடந்த சைபர் தாக்குதலில், சில நாட்களுக்கு உலகெங்கும் ஓட்டக்காரர்களால் தங்கள் ஓட்டத்தை ஏற்ற முடியவில்லை. ஆகவே, ஓடிய கணக்கைக் கோப்பாக வெளியே எடுத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று வாங்குமுன் கேளுங்கள். வேறு நிறுவனத்தின் நெஞ்சுப் பட்டையோடு புளூடூத்திலோ ஆன்ட் பிளஸ் என்ற கம்பியில்லா இணைப்பிலோ இணையுமா என்றும் கேளுங்கள். இணையாவிட்டால் அந்த வாட்ச் வேண்டாம்.

நெஞ்சுப் பட்டை பழைய காலத்துச் சாமான் என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் பிடித்ததே அந்தப் பழமைதான். பல பட்டைகளில் பட்டன் செல். நாணயத்தால் மூடியைத் திருகித் திறந்து நாமே மாற்றலாம், தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். துணிப்பட்டை நைந்தால் அதை மட்டும் வாங்கலாம். மின்முனைகளை ஈரப்படுத்திக் கட்ட வேண்டும் என்பார்கள். நமக்கு அந்தச் சிரமமும் அதிக நேரம் இல்லை, இரண்டாவது தெருவுக்குள் வியர்வை பார்த்துக்கொள்ளும். ஓடி முடித்ததும் கருவியைக் கழற்றிவிட்டுப் பட்டையை அலச வேண்டும். ஈரமாக மாட்டியே வைத்தால் ராத்திரி முழுக்க அது விழித்திருந்து செல்லைத் தின்றுவிடும். நெஞ்சில் இறுகுகிறது என்று சொல்லும் பெண்களுக்கும் மற்றவர்களுக்கும், மேற்கையில் கட்டும் ஒளிப்பட்டை நல்ல மாற்று. கை அங்கே குறைவாக ஆடுவதால் மணிக்கட்டைவிடச் சரியாக அளக்கிறது. கபடிக்கும் கால்பந்துக்கும் வாட்ச் கட்டிக்கொண்டு இறங்க முடியாது. தனக்குள்ளே பதிவு வைத்துக்கொள்ளும் பட்டைகள் அந்த ஆட்டக்காரர்களுக்கு உதவும். நீந்துகிறவர்களும் அப்படிப்பட்டதைத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் புளூடூத் அலை தண்ணீரைத் தாண்டாது.

மணிக்கட்டிலேயே அளக்கும் வாட்சுதான் வேண்டும் என்பவர் கடையில் ஒரு சோதனை செய்யலாம். அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு மாடி வேகமாக ஏறி இறங்குங்கள். உடனே கழுத்தில் விரல் வைத்துப் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். வாட்ச் அதற்குப் பக்கத்தில் வருகிறதா, எவ்வளவு தாமதமாக வருகிறது என்பது தெரிந்துவிடும்.

என்னிடம் இப்போது யார் கேட்டாலும் முதலில் நெஞ்சுப் பட்டையை மட்டும் வாங்கச் சொல்கிறேன். நல்ல வாட்ச் விலையில் அது ஒரு சிறு பங்குதான் ஆகும். கையிலிருக்கும் செல்போனோடு இணைத்து ஒரு கோடையை ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் வாட்ச் வேண்டும் என்று தோன்றினால் பட்டன் உள்ளது, பட்டையோடு பேசுவது, வாரம் ஒருமுறை சார்ஜ் கேட்பது, இருப்பதில் மலிவானது எதுவோ அதை வாங்குங்கள்.