பன்னிரண்டரை ஏக்கரா, ஏரா?

ஊர் நிலத்தின் பட்டாவைக் கையில் வாங்கிய அந்தச் சென்னைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பரப்பு என்ற இடத்தில் "0 - 12.50" என்றிருந்தது. பன்னிரண்டரை ஏக்கரா! அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லையே!

பக்கத்திலிருந்த சித்தப்பா சிரித்தார். "அது ஏக்கர் இல்லப்பா, ஏர். முன்னாடி நிக்குதே பூஜ்யம், அதுதான் ஹெக்டேர்."

ஓர் ஏர் 100 சதுர மீட்டர். அடிக்கணக்கில் சுமார் 1,076 சதுர அடி. ஆக, மொத்த நிலமே 13,455 சதுர அடிதான். பழைய பத்திரத்திலோ 31 சென்ட். சென்டுக்கு 435.6 சதுர அடி என்று பெருக்கினால் சுமார் 13,504 வருகிறது. மீதி 49 சதுர அடி எங்கே? வேலியை யாரும் தள்ளிப் போடவில்லை. 31 சென்ட் என்பது 12.545 ஏர், பட்டாவில் அது 12.50 ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

ஏக்கருக்கு 43,560 சதுர அடி என்ற விசித்திர எண்ணும் புரியாத புதிரல்ல. ஆங்கிலேயர் எட்மண்ட் கன்டர் 1620-ல் வடிவமைத்த அளவுச் சங்கிலியின் நீளம் 66 அடி. ஒரு சங்கிலி அகலம், பத்துச் சங்கிலி நீளம்: ஓர் ஏக்கர். அதில் நூற்றில் ஒரு பங்கு சென்ட்.

சென்னை கிரவுண்டு மட்டும் இந்தக் குடும்பத்தில் ஒட்டாத மாப்பிள்ளை. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஏக்கருக்கு 18.15 கிரவுண்டு.