பூட்டுத்திரையில் நண்பர்கள்

நடுத்தர விலைத் திறன்பேசி ஒன்றை மதிப்பிடுவது பெரும்பாலும் கழித்தல் கணக்காகவே நடக்கிறது. அதே நிறுவனத்தின் உயர்விலைக் கருவியில் என்னென்ன இருந்தன, அவற்றுள் எவை விலையைக் குறைப்பதற்காக நீக்கப்பட்டன, நீக்கப்பட்டவை அன்றாடப் பயன்பாட்டில் எவ்வளவு உறுத்துகின்றன என்று பார்த்து, மிஞ்சியிருப்பது கொடுக்கும் பணத்துக்குத் தகுமா என்று முடிவு சொல்லப்படுகிறது. திரையின் அளவும் பிராசசரின் வேகமும் பேட்டரியின் கொள்ளளவும் எண்களாகக் கிடைப்பதால் இந்த முறைக்கு ஒரு நேர்மையும் உண்டு. ஒருவர் அளந்ததை இன்னொருவர் சரிபார்க்க முடியும். ஆனால் 2013 ஏப்ரலில் தைவானின் எச்.டி.சி. நிறுவனம் ஃபேஸ்புக்கோடு கைகோத்து வெளியிட்ட ‘எச்.டி.சி. ஃபர்ஸ்ட்’ இந்தக் கணக்குக்குள் அடங்க மறுத்த கருவி. அதன் தரத்தில் பெரும்பங்கை நிர்ணயித்தவர்கள் அதை வாங்கியவருடைய நண்பர்கள் என்பதும், நண்பர்களை எந்தச் சோதனைக் கூடத்திலும் அளக்க வழியில்லை என்பதும், இன்றைக்கும் யோசித்துப் பார்க்கத் தக்க செய்திகள்.

சமூக வலைத்தளத்தை நடுவில் வைத்துக் கைப்பேசி செய்யும் முயற்சி அதற்கு முன்பே பலமுறை நடந்திருந்தது. மோட்டோரோலா 2009இல் ‘மோட்டோப்ளர்’ என்ற மென்பொருளோடு ஒரு கருவியைக் கொண்டுவந்து, பல தளங்களின் பதிவுகளை முகப்புத்திரையில் ஒன்றாகச் சேர்த்துக் காட்டியது. மைக்ரோசாஃப்ட் 2010 மே மாதம் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்ட ‘கின்’ கைப்பேசிகள் இளையோரின் வலைத்தளப் பழக்கத்துக்கென்றே செய்யப்பட்டவை. ஆயினும் நண்பர்களின் பதிவுகளை அவை 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பித்தன, புதிய செயலிகளை நிறுவ இடம் தரவில்லை, நாட்காட்டிகூட அவற்றில் இல்லை. முழுத் திறன்பேசிக்குரிய மாதக் கட்டணத்தை இவற்றுக்கும் கேட்டதால் வாங்குவோர் ஒதுங்கிவிட, ஜூன் மாத இறுதிக்குள் திட்டமே கைவிடப்பட்டது.

இவற்றோடு ஒப்பிட்டால், 2011 பிப்ரவரியில் பார்சிலோனா கைப்பேசி மாநாட்டில் எச்.டி.சி. அறிமுகப்படுத்திய ‘சாச்சா’ நன்கு சிந்தித்துச் செய்யப்பட்டது. 2.6 அங்குலத் திரையும் முழு எழுத்து விசைப்பலகையும் 5 மெகாபிக்சல் கேமராவும் கொண்ட அந்தச் சிறிய கருவியில், விசைகளுக்குக் கீழே ஃபேஸ்புக்கின் ‘எஃப்’ எழுத்தைத் தாங்கிய ஒரு பொத்தான் இருந்தது. படம் எடுத்து முடித்தவுடனோ, பாட்டு ஓடும்போதோ, இணையப் பக்கம் ஒன்று திறந்திருக்கும்போதோ, அதாவது பகிர்வதற்கு ஏதேனும் கையில் இருக்கும் வேளையில், அந்தப் பொத்தான் மெல்ல ஒளிரும். அழுத்தினால் கையில் இருப்பது ஃபேஸ்புக்குக்குப் போய்ச் சேரும், அழுத்தாமல் விட்டால் எதுவும் நடக்காது. ஒரு தனியார் தளத்துக்கென ஒரு விசையை நிரந்தரமாக எழுதிக்கொடுத்தது குறைதான் என்றாலும், கருவி தன் யோசனையைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தது, முடிவு உடையவரின் விரலிடம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. அந்த அடக்கம் பாராட்டுக்குரியது. பின்னால் வந்த ஃபர்ஸ்டில் அது காணாமற்போனது.

ஃபர்ஸ்டின் வன்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது நன்றாக இருந்தது. 720க்கு 1280 பிக்சல் அடர்ந்த 4.3 அங்குலத் திரையில் எழுத்துகள் துல்லியமாகத் தெரிந்தன. இரட்டைக் கரு கொண்ட ஸ்னாப்டிராகன் 400 பிராசசர், 1 ஜி.பி. ரேம், 4ஜி இணைப்பு ஆகியவை அந்த விலைக்குப் போதுமானவையே. நினைவக அட்டைக்கு இடமில்லாமல் 16 ஜி.பி.யோடு நிறுத்திக்கொண்டதும், 2000 எம்.ஏ.எச். பேட்டரியைக் கழற்ற முடியாதபடி பொதித்ததும், பின்கேமராவை 5 மெகாபிக்சலோடு விட்டதும் சிக்கனத்தின் அடையாளங்கள். படங்களைப் பகிர்வதையே உயிராகக் கொண்ட தளத்துக்கான கருவியில் கேமராவிலா கையைச் சுருக்குவது என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. சேவை நிறுவனம் மட்டுமே விற்ற அதன் விலை 2 ஆண்டு ஒப்பந்தத்தோடு 99.99 டாலர். ஒப்பந்தம் என்பது, கருவியின் முழு விலையில் ஒரு பகுதியைச் சேவை நிறுவனம் முதலில் ஏற்றுக்கொண்டு, மாதக் கட்டணத்தின் வழியே வாடிக்கையாளரிடம் திரும்ப வசூலிக்கும் முறை. அதே நிபந்தனையில் அதே விலைக்கு அன்று ஐபோன் 4எஸ் கிடைத்தது என்பதை நினைவில் கொண்டால், ஃபர்ஸ்ட் தன் மென்பொருளால் மட்டுமே வாங்குவோரை இழுத்தாக வேண்டியிருந்தது விளங்கும்.

அந்த மென்பொருளின் பெயர் ‘ஃபேஸ்புக் ஹோம்’. ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் பூட்டுத்திரை, முகப்புத்திரை என இரண்டு உண்டு. முன்னது கருவியை விழிக்கச் செய்தவுடன் நேரத்தையும் அறிவிப்புகளையும் காட்டுவது, பின்னது செயலிகளை அடுக்கி வைக்கும் இடம். ஹோம் இவ்விரண்டையும் நீக்கிவிட்டு, ‘கவர் ஃபீட்’ என்ற ஒரே காட்சியை அங்கே விரித்தது. திரையை விழிக்கச் செய்ததும் நண்பர் ஒருவர் இட்ட படம் திரையின் நான்கு ஓரங்களையும் தொட்டு நிறையும். மெல்ல ஒரு பக்கமாக நகரும். அதன்மேல் அவருடைய பெயரும் சொன்ன வாசகமும் வெள்ளை எழுத்தில் படியும். சில நொடிகளில் அடுத்தவர் வந்துவிடுவார். படத்தை இருமுறை தட்டினால் விருப்பம் பதிவாகும். கீழே, நடுவில், கருவியை வைத்திருப்பவருடைய முகம் சிறு வட்டமாகத் தெரியும். அந்த வட்டத்தை மேலே இழுத்தால்தான் செயலிகள் இருக்கும் இடத்துக்குப் போக முடியும். செயலிகளைச் சுற்றி அமைந்த கைப்பேசியை மனிதர்களைச் சுற்றி மாற்றியமைப்பதே நோக்கம் என்று மார்க் ஸுக்கர்பெர்க் ஏப்ரல் 4ஆம் நாள் அறிமுக நிகழ்ச்சியில் விளக்கினார். அந்த எண்ணத்தில் பொய்யில்லை. கைப்பேசியை எடுக்கும்போது மனிதர்களைத் தேடியே எடுக்கிறோம் என்பது பலருக்கும் உண்மைதான்.

இடர்ப்பாடு அடுத்த படியில் தொடங்குகிறது. விளம்பரங்களில் காட்டப்பட்ட கவர் ஃபீடில் எல்லாப் படங்களும் தேர்ந்த ஒளியில் எடுத்தவையாக, நெடுக்குவாட்டத்தில் திரைக்குப் பொருந்துபவையாக, மகிழ்ந்திருக்கும் அன்புக்குரிய முகங்களைக் கொண்டவையாக இருந்தன. ஒரு சராசரி மனிதரின் நட்புப் பட்டியலில் பள்ளித் தோழரும் பழைய அலுவலகத்துச் சகாவும் ஒருமுறை மட்டும் சந்தித்த உறவினரும் கலந்தே இருப்பார்கள்; அவர்கள் இடுவது மங்கலான படங்களையும், எழுத்து நிறைந்த பகடிப் படங்களையும், அகலவாட்டில் எடுத்தவற்றையும்தான். அகலப் படத்தை நெடுந்திரையில் நிறைக்கும்போது இரு பக்கமும் வெட்டுப்பட்டு ஒரு நேரத்தில் ஒரு துண்டு மட்டும் தெரியும். குழுவாக நிற்பவர்களில் இருவர் மட்டும் தெரிவார்கள். படமே இல்லாத பதிவுக்கு எழுதியவருடைய பக்கத்து முகப்புப் படம் பின்னணியாக வந்து நிற்கும். அவரே நான்கு முறை எழுதினால் அதே படம் நான்கு முறை வரும். ஆகவே ஒரே கருவி ஒருவர் கையில் அழகிய படத்தொகுப்பாகவும், இன்னொருவர் கையில் குப்பை சேர்ந்த சுவராகவும் விளங்கியிருக்கக் கூடும். இருவரும் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஒரு வாரம் வைத்திருந்து தீர்ப்பு எழுதிய மதிப்பீட்டாளர் எவரும், கருவியை மதிப்பிடுவதாக எண்ணிக்கொண்டு தம் சொந்த நட்பு வட்டத்தையும் சேர்த்தே மதிப்பிட்டிருப்பார். இதைத் தவிர்க்கும் ஒரு சோதனை முறையைக் கற்பனை செய்வதுகூடக் கடினம். பிராசசரின் வேகம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் கண் திறந்தவுடன் தெரியும் முகம் அப்படி அன்று.

முகத்தோடு சேர்ந்து சூழ்நிலையும் மாறுகிறது. நண்பருக்குக் குழந்தை பிறந்த செய்தியை மருத்துவமனை வரிசையில் காத்திருப்பவர் காண்கிறார். இரங்கல் பதிவு ஒன்று கூட்டத்தின் நடுவே மேசைமேல் வைத்த கைப்பேசியில் விழித்தெழுகிறது, பக்கத்தில் இருப்பவரும் அதைப் பார்க்கிறார். செயலியைத் திறந்து பார்ப்பவர் அதற்கு ஓரளவு மனத்தைத் தயார்செய்துகொண்டு திறக்கிறார். மணி என்ன என்று பார்க்க எடுத்தவருக்கு அந்த அவகாசம் இல்லை. ஃபர்ஸ்டின் மிகப் பெரிய குறையாக இதையே கொள்ள வேண்டும். கேமராவும் நினைவகமும் இதற்குப் பின்னால்தான்.

நடைமுறைக் குறைகளும் இருந்தன. ஆண்ட்ராய்டு பயனர்கள் முகப்புத்திரையில் வானிலை, நாட்காட்டி போன்ற சிறு பலகைகளைப் பதித்தும், செயலிகளைக் கோப்புறைகளில் பிரித்தும், அடிக்கடி வேண்டியவற்றைக் கீழ்வரிசையில் நிறுத்தியும் ஆண்டுக்கணக்கில் செய்துவைத்த ஒழுங்கை ஹோம் ஒரே நொடியில் மறைத்தது. அதை உருவாக்கியவர்களில் பலர் ஐபோன் பயன்படுத்துபவர்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. சில வாரங்களிலேயே கீழ்வரிசையையும் கோப்புறைகளையும் சேர்ப்பதாக நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது. திரை நிறையும் படங்கள் ஓயாமல் இறங்கிக்கொண்டிருப்பதால், தரவு அளவுக்கேற்பப் பணம் கட்டுபவர் அமைப்புகளில் போய்ப் படங்களின் தரத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. கவர் ஃபீடில் விளம்பரம் தொடக்கத்தில் இல்லை, ஆனால் ஒருநாள் வரும் என்பதை அறிமுக மேடையிலேயே ஸுக்கர்பெர்க் மறைக்கவில்லை. பணம் கொடுத்து வாங்கிய பொருளின் பூட்டுத்திரை பிறருக்கு விற்கத்தக்க இடமாகிறது என்பதை வாங்கும்போதே கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 12ஆம் நாள் கடைக்கு வந்த கருவியின் ஒப்பந்த விலை, ஒரு மாதம் நிறையும் முன்பே, மே மாதத் தொடக்கத்தில், 99 சென்ட்டாகச் சரிந்தது. பிரிட்டனில் நடக்கவிருந்த விற்பனையும் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் அந்தச் சரிவுக்குப் பிறகும் அதை வாங்க ஒரு காரணம் இருந்தது. ஹோமை அமைப்புகளில் அணைத்துவிட்டால், எச்.டி.சி. தன் பிற கருவிகளில் பூசிவந்த சென்ஸ் மென்பொருள்கூட இல்லாத தூய ஆண்ட்ராய்டு 4.1 அடியிலிருந்து வெளிப்பட்டது. அன்றைய சந்தையில் அந்த அளவிலும் விலையிலும் அப்படி ஒரு கருவி அரிது. மதிப்பீட்டாளர்கள் பலரும் இந்த வழியை எடுத்துக்காட்டினார்கள். அவர்கள் சொன்னது சரி. ஆயினும் ஹோமில் இருந்த இன்னொரு பகுதியை அதே மூச்சில் தள்ளிவிடுவது நியாயமாகாது.

அது ‘சாட் ஹெட்ஸ்’. செய்தி அனுப்பிய நண்பரின் முகம் சிறு வட்டமாகத் திரையின் ஓரத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும்; எந்தச் செயலியில் இருந்தாலும் தட்டினால் உரையாடல் விரியும், மீண்டும் தட்டினால் சுருங்கும், வேண்டாமென்றால் திரையின் அடிப்பகுதிக்கு இழுத்து விட்டால் மறையும். கவர் ஃபீட் கொண்டுவந்தவர்கள் ஊருக்குப் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள். சாட் ஹெட்ஸ் கொண்டுவந்தவர், கைப்பேசியை வைத்திருப்பவரிடமே பேச வந்தவர், பதிலை எதிர்பார்ப்பவர். வந்த அறிவிப்பை ஒரே இழுப்பில் ஒதுக்க முடிந்ததால், சாச்சாவின் பொத்தானில் இருந்த அடக்கமும் இதில் திரும்பியது. மனிதர்களைச் சுற்றி அமைந்த கைப்பேசி என்ற எண்ணம் ஃபர்ஸ்டில் நிறைவேறியது இந்தச் சிறு வட்டத்தில்தான். ஹோம் மெல்ல மறக்கப்பட்ட பிறகும் ஃபேஸ்புக் மெசஞ்சரில் சாட் ஹெட்ஸ் நீடித்தது; 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11, எந்தச் செய்திச் செயலியும் அதே வகை மிதக்கும் உரையாடல் வட்டங்களைக் காட்ட இயங்குதளத்திலேயே வழிசெய்து கொடுத்தது.