உடரட்ட மெனிக்கேக்கு ஒரு பொம்மை வேண்டும்

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு உதவி கேட்கப் போகிறோம்.

போன தவணை எங்கள் பாடசாலைக் கண்காட்சியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கோச்சி செய்து வைத்தார்கள். பால்மா மட்டைப் பெட்டி, ஐஸ்கிறீம் குச்சி, சோடா போத்தல் மூடி, யாரோ வீட்டில் மிஞ்சிய பெயின்ட். எஞ்சின் ஒன்று, பெட்டி நான்கு, பக்கத்தில் 'உடரட்ட மெனிக்கே' என்று மூன்று மொழியிலும் எழுத்து. மற்ற மேசைகளில் எரிமலையும் நீர் சுத்திகரிப்பும் வழக்கம்போல் இருந்தன. ஆனால் கூட்டம் நின்றது கோச்சி மேசையில்தான்.

பார்த்தவர்கள் பாராட்டிவிட்டுப் போயிருந்தால் இந்தப் பதிவே இல்லை. "சேர், இதே மாதிரி ஒண்ணு விலைக்குக் கிடைக்குமா?" என்று கேட்டார்கள். அன்று பின்னேரத்துக்குள் பதினொரு பேர். தோட்டத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் கையில் பேர்ஸை எடுத்துக்கொண்டே கேட்டார். எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் பஸாரில் இரண்டு மூன்று கடைகளில் ஏறிப் பார்த்தோம். பொம்மை ரயில் இருக்கிறது. முகம் வைத்த தோமஸ் இருக்கிறது, மூக்கு நீண்ட ஜப்பான் புல்லட் ரயில் இருக்கிறது. நம்முடைய கோச்சி மட்டும் இல்லை. இந்தியாவில் அம்பாசிடர் காரையும் ஓட்டோவையும் பிள்ளைகள் பின்னால் இழுத்துவிட்டு ஓட்டும் பொம்மையாக, சாதாரண விலைக்கு விற்கிறார்கள். ஹட்டனில் பிறந்த பிள்ளைக்குக் கோச்சிச் சத்தம்தான் மணிக்கூடு. நள்ளிரவு தாண்டி இரவுத் தபால் ரயில் மேட்டில் முனகிக்கொண்டு ஏறுவதைப் போர்வைக்குள் இருந்து கேட்டவர்கள் நாங்கள். அந்தச் சத்தத்துக்கு ஒரு பொம்மை இல்லை.

இந்தப் பாதையின் கதை உங்களுக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறோம். 1884 இல் ரயில் ஹட்டனுக்கு வந்தது. 1924 இல்தான் பதுளையைத் தொட்டது. மலையைக் குடைந்தவர்களும் தண்டவாளம் சுமந்தவர்களும் யார் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொட்டகலைப் பக்கம் போகும்போது சிங்கமலைச் சுரங்கத்துக்குள் பெட்டி இருட்டானதும் பிள்ளைகள் ஒரே கூச்சலாகக் கத்துவார்களே, அந்தச் சுரங்கம் அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளம். உடரட்ட மெனிக்கே 1956 இல் ஓடத் தொடங்கியது. யாழ் தேவியும் அதே வருடம்தான், ருஹுணு குமாரி அதற்கு முந்திய வருடம். பி. டி. ரம்பல என்ற பொறியியலாளர் ரயில்வேயின் தலைமையில் இருந்த காலம் அது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த டீசல் எஞ்சின்களும் அப்போதுதான் வந்தன. அவற்றுக்கு ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று கனேடிய மாகாணங்களின் பெயர்.

இப்போது நீலப் பெட்டிகள். அதில் உட்கார்ந்து போக நமக்கு இடம் கிடைப்பதுதான் கஷ்டம். 2025 தொடக்கத்தில் எல்ல ரயிலுக்கான இணைய டிக்கெட்டுகள் திறந்த சில நொடிகளில் தீர்ந்துபோய், குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரிக்கும் அளவுக்கு விஷயம் போனது ஞாபகம் இருக்கும். எங்கள் வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகள். கோச்சியில் ஒரு முறையாவது போனவர்கள் கை தூக்குங்கள் என்றோம். பதினான்கு கை. அதில் இருக்கை கிடைத்துப் போனவர்கள் நான்கு பேர்.

சரி, பொம்மைக்கு வருவோம். நல்ல மாதிரி ரயில் ஏன் இவ்வளவு விலை என்று தேடிப் படித்தோம். காரணம் அச்சு. பிளாஸ்ரிக்கை வார்க்கும் இரும்பு அச்சைச் செய்ய ஒரே செலவுதான், அதில் நூறு ரயில் வார்த்தாலும் சரி, லட்சம் வார்த்தாலும் சரி. வாங்க ஆள் குறைந்தால் ஒவ்வொரு ரயிலின் தலையிலும் அந்தச் செலவு ஏறும். அதற்கு மேல் மோட்டார். இங்கிலாந்தில் ஹோர்ன்பி கம்பெனி 'ஃபிளையிங் ஸ்கொட்ஸ்மன்' என்ற பழைய புகழ்பெற்ற ரயிலைச் சேகரிப்பவர்களுக்கு நுணுக்கமாகச் செய்து விற்கிறது. அதே ரயிலை 'ரெயில்ரோட்' என்ற வரிசையில், சின்னச் சின்ன நுணுக்கங்களைக் குறைத்து, பிள்ளைகளுக்குக் குறைந்த விலையிலும் தருகிறது. இது எங்களுக்குப் பிடித்தது. உருவமும் நிறமும் சரியாக இருந்தால் போதும், கைபிடிக் கம்பி தனியாக இல்லை என்று எந்தப் பிள்ளையும் அழப்போவதில்லை.

கணக்குப் பாடத்தில் இதையே எடுத்தோம். நம் தண்டவாளத்தின் அகலம் ஐந்தரை அடி, அதாவது 1676 மில்லிமீற்றர். எத்தனையில் ஒரு பங்காகச் சுருக்குவது? நூறில் ஒன்று என்று வைத்தால் ஒரு மீற்றர் ஒரு சென்ரிமீற்றர் ஆகிவிடும், வகுத்தல் பிழைக்க வழியில்லை. தண்டவாளம் 16.76 மில்லிமீற்றர் வரும். உலகத்தில் மாதிரி ரயில்களுக்கு அதிகம் விற்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5. கால் மில்லிமீற்றர்தான் வித்தியாசம்! என்றைக்காவது ஒருவர் இதற்கு மோட்டார் பூட்டினால் வெளிநாட்டுத் தண்டவாளத்திலும் நம் மெனிக்கே ஓடும். இதைக் கண்டுபிடித்தது கணக்கில் எப்போதும் முப்பதைத் தாண்டாத ஒரு பிள்ளை. (இந்தத் தவணையும் தாண்டவில்லை, அது வேறு கதை.)

மட்டை, அச்சடித்த தாள், மூடிச் சக்கரம், அச்சுக்கு ஈர்க்குக்குச்சி, கம், வார்னிஷ் எல்லாம் சேர்த்து எஞ்சினும் இரண்டு பெட்டியும் 640 ரூபாவுக்கு முடிகிறது. தோட்டத்து நாட்சம்பளம் 1350 ரூபா என்று 2024 இல் வர்த்தமானி வந்தது. அந்தக் கணக்கில் அரை நாள் கொழுந்து. இன்னும் குறைக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறோம்.

இதற்கிடையில் சுற்றுலாப் பயணிகளுக்கு நினைவுப் பொருள் விற்கும் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். ஐம்பது செட், ஒன்றுக்கு 4000 ரூபா தருகிறேன் என்றார். ஒரு நிபந்தனை: வேறு யாருக்கும் குறைந்த விலைக்குக் கொடுக்கக் கூடாது. இரண்டு லட்சம். காசு வேண்டாம் என்று சொல்லும் நிலையில் எங்கள் பாடசாலை இல்லை, மழை வந்தால் எட்டாம் வகுப்பில் வாளி வைக்கிறோம். ஆசிரியர் ஓய்வறையில் இரண்டு நாள் விவாதம். வாங்குங்கள் என்றவர்களையும் குறை சொல்ல முடியாது, கூரைக்கும் பிள்ளைகளுக்கும்தான் அவர்கள் பேசினார்கள்.

பிள்ளைகளிடம் சொன்னபோது செய்தவர்களில் ஒருவன் கேட்டான்: "அப்ப இந்தக் கோச்சியிலயும் நமக்கு எடம் இல்லையா சேர்?"

அவருக்கு மரியாதையாகப் பதில் சொன்னோம். ஐம்பது என்ன, நூறும் செய்து தருகிறோம், நீங்கள் எவ்வளவுக்கு விற்றாலும் எங்களுக்குச் சம்மதம், ஆனால் ஊர்ப் பிள்ளைக்கு 640 ரூபாவுக்குக் கொடுப்பதை நிறுத்த மாட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் அழைக்கவில்லை. சரியாகச் செய்தோமா என்று மழை நாளில் மனம் அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது.

இப்போது பட்டியலில் நாற்பத்தி இரண்டு பெயர். அதில் பாதி தோட்டத்துப் பிள்ளைகள், சிலர் முற்பணமாக இருபதும் ஐம்பதும் தந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குள் சண்டை நிறத்தில். ஒரு பக்கம் இப்போதைய நீலம்தான் வேண்டும் என்கிறது. மறுபக்கம் தாத்தா சொன்ன பழைய செங்காவி நிறம்தான் மெனிக்கே என்கிறது. எங்கள் ஓட்டு செங்காவிக்கு. ஆனால் வகுப்பில் எங்களுக்கு ஓட்டு இல்லையாம்.

உதவி இதுதான். பழைய மெனிக்கே பெட்டியின் படம், 60கள் முதல் 90கள் வரை எந்தக் காலத்தில் எடுத்ததானாலும், கல்யாண அல்பத்திலோ பாவா ஆதம் மலைக்கு வந்த உறவினரின் படத்திலோ ஓரமாக இருந்தாலும் அனுப்புங்கள். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் யாராவது ஒரு மணித்தியாலம் பாடசாலைக்கு வந்தால் பெட்டியின் உயரமும் கதவின் அகலமும் கேட்டு எழுதிக்கொள்வோம். தடித்த மட்டை மிஞ்சியிருக்கும் கடைக்காரர்கள் பஸாரில் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு எங்களைக் கண்டால் கையிலேயே தரலாம். சோடா மூடியும் வேண்டும். ஒரு செட்டுக்கு இருபத்துநான்கு மூடி போகிறது, பிள்ளைகள் அதற்காகச் சோடா குடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.