ஷூ ரேக் மேல ஒரு தபால் ஆபீஸ்

நேத்து ராத்திரி சேலையூர்ல கரண்ட் போச்சு.
தெருவுக்கே ஃபேன் நின்ன கவலை.
எனக்கு மெயில் சர்வர் நின்ன கவலை.

ஆமா, ஷூ ரேக் மேல ஒரு ராஸ்பெர்ரி பை. அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர்தான் சர்வர்.
போஸ்ட்மாஸ்டர் நான், போஸ்ட்மேன் நான், ஒரே கஸ்டமரும் நான்தான்.

ஆனா கரண்ட்கூடப் பரவாயில்லங்க.
நம்ம சர்வர் படுத்துட்டா, அனுப்பற சர்வர் நாலஞ்சு நாளைக்குத் திரும்பத் திரும்ப வந்து கதவத் தட்டணும். எஸ்எம்டிபி விதியே அப்படித்தான்.
2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். ரெண்டு நாள் இருட்டு. கரண்ட் வந்ததும் அத்தனை மெயிலும் ரேஷன் கடை கியூ மாதிரி வந்து நின்னுச்சு. கண் கலங்கிட்டேன் (வந்ததுல பாதி விளம்பரம்).

அனுப்பறதுதான் பாடு.
ஸ்டேடிக் ஐபிக்குத் தனியாக் காசு கட்டி, 25ஆம் நம்பர் போர்ட்டத் திறந்து விடுங்கன்னு கஸ்டமர் கேர்ல கேட்டேன்.
"எந்த போர்ட் சார், எண்ணூரா?"

எப்படியோ திறந்தாங்க. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்னு எல்லா சர்டிஃபிகேட்டும் ஒட்டியாச்சு. ஆனா வீட்டு இணைப்புலேர்ந்து வர்ற மெயில்னாலே சந்தேகம். அந்த ஐபி வரிசையையே மொத்தமா தடைப்பட்டியல்ல போட்டு வெச்சிருக்காங்க.

இன்னிக்குக் காலைல குரோம்பேட்டைலேர்ந்து அப்பா போன்.
"டேய், லாட்டரி விழுந்த மெயிலுக்குக் கீழ ஸ்பாம்ல கெடக்கறடா நீ."

தாம்பரத்துலேர்ந்து ரெண்டே ஸ்டேஷன். பிரிண்ட் எடுத்துட்டு நேர்லயே கிளம்பிட்டேன்.

அது சரி, யூபிஎஸ் பேட்டரி உங்க வீட்டுல எத்தனை வருஷம் தாங்குது?