அறுபதுக்கு அறுபது பாஸ்!

அறுபது பேர் எழுதி அறுபது பேரும் பாஸ் ஆகிற பரீட்சையைப் பார்த்திருக்கீங்களா? நான் நடத்தியிருக்கேன் பாஸ்!

ஈ.சி.இ. மூணாவது வருஷம். லீவுக்கு கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் இன்டர்ன்ஷிப். (பேர் வேணாம், சர்ட்டிஃபிகேட் இன்னும் கைக்கு வரலை!) அங்கே செய்வது மொபைல் மோட்டார் ஸ்டார்ட்டர். பெட்டிக்குள் ஒரு 2ஜி சிம். கட்டிலில் படுத்துக்கிட்டே போன் போட்டா, தோட்டத்துக் கிணத்தில் மோட்டார் ஓடும். கோபி பக்கம் எங்க அப்பாரு தோட்டத்திலும் ஒண்ணு இருக்கு. அது வர்றதுக்கு முன்னால், ராத்திரி எந்நேரம் கரண்ட் வந்தாலும் டார்ச் லைட்டோடு வரப்பில் நடப்பார். பாம்புக்குப் பயந்து காலைத் தட்டித் தட்டி வைப்பார்.

என் வேலை, ஒவ்வொரு போர்டும் எவ்வளவு மெல்லிய சிக்னலைப் பிடிக்குதுன்னு பார்ப்பது. டவரை நம்பி இதைச் செய்ய முடியாது. நிமிஷத்துக்கு நிமிஷம் சிக்னல் ஏறும், இறங்கும். அதனால் போர்டை ஒரு மூடிய உலோகப் பெட்டியில் வெச்சு, கேபிள் வழியா சிக்னல் ஜெனரேட்டரை மாட்டுவோம். டவர் மாதிரியே பேசுகிற மெஷின் அது.

வெறும் கேரியர் அலையை அனுப்பினா பத்தாது. ஜி.எஸ்.எம். பாஷை ஜி.எம்.எஸ்.கே. அதில் அலையோட உயரம் மாறாது. ஒவ்வொரு பிட்டுக்கும் அதோட ஃபேஸ் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 90 டிகிரி திரும்பும். செகண்டுக்கு 2,70,833 பிட். பிட்டுகளுக்கு பி.என்.9-ன்னு ஒரு வரிசை. 511 பிட், பார்க்க கன்னாபின்னான்னு இருக்கும். ஆனா ஜெனரேட்டருக்கும் தெரியும், போர்டுக்கும் தெரியும். போர்டு எத்தனை பிட்டைத் தப்பா கேட்டதுன்னு எண்ணிடலாம்.

லெவல் மைனஸ் 102 டிபிஎம். ஒரு வாட்டை 16 லட்சம் கோடி பங்கு போட்டா அதில் ஒரு பங்கு! அதையும் பிடிச்சாத்தான் போர்டு பாஸ்.

சொல்லிக்கொடுத்த அண்ணன் ரெண்டு நாள் கல்யாணத்துக்குப் போயிட்டார். 'கேபிள் லாஸை அளந்து ஆஃப்செட் போட்டுக்கோ தம்பி'ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனார். ஜெனரேட்டரில் 0 டிபிஎம் வெச்சேன். கேபிளோட மறுமுனையில் பவர் மீட்டர் மைனஸ் 10 காட்டுச்சு. சரி, கேபிள் 10 டெசிபெல் தின்னுடுச்சுன்னு ஆஃப்செட்டில் 10 போட்டேன். ரெண்டு நாளில் அறுபது போர்டு. அறுபதும் பாஸ். பச்சை ஸ்டிக்கரை ஒட்டி ஒட்டி விரலே பிசுபிசுன்னு ஆயிடுச்சு. சூப்பர்வைசர் டீ வாங்கிக் கொடுத்தார்.

ராத்திரி அந்த டீ ஜீரணமாகலை. அண்ணன் டெஸ்ட் பண்ணினா எப்பவும் நாலஞ்சாவது ஃபெயில் ஆகுமே... என் கை மட்டும் என்ன ராசிக் கையா?

எந்திரிச்சு நோட்டை எடுத்தேன். ஜி.எஸ்.எம்.மில் ஒரே சேனலை எட்டுப் பேர் பங்கு போடுவாங்க. ஒரே கிணத்தில் எட்டுப் பங்காளிங்க முறை வெச்சுத் தண்ணி இறைக்கிற மாதிரி. ஒருத்தர் முறை 0.577 மில்லிசெகண்ட். நான் ஆன் பண்ணியிருந்தது ஒரே ஒரு முறை. மீதி ஏழும் காலி. ஜெனரேட்டர் சொன்னது அந்த ஒரு முறையோட பவரை. மீட்டர் காட்டினது எட்டுக்கும் சேர்த்து சராசரி. எட்டில் ஒண்ணுன்னா 9 டெசிபெல். அப்போ கேபிள் தின்னது வெறும் 1!

மெல்லக் கூப்பிட்டா காது கேக்குதான்னு பார்க்க வேண்டிய இடத்தில், நான் எட்டு மடங்கு சத்தமா கத்தி எல்லாத்தையும் பாஸ் போட்டிருக்கேன். காலையில் பத்து மணிக்கு லோடு கிளம்புது. டவர் பக்கத்தில் இருந்தா எல்லாமே ஓடும். தோட்டத்துக் கடைசியில் இருக்கிற கிணத்தில்? யாரோ ஒரு அப்பாரு மறுபடியும் டார்ச் லைட்டைத் தேடுவார்.

சொல்லாம விட்டா யாருக்கும் தெரியாது. பொய் சொல்ல விரும்பலை, அரை மணி நேரம் அப்படியும் யோசிச்சேன். அப்புறம் பதினொன்றரைக்கு அண்ணனுக்கு போன். கல்யாண வீட்டு மேளச் சத்தத்துக்கு நடுவில் கேட்டுட்டு, "ஒரு மீட்டர் கேபிள் பத்து டெசிபெல் தின்னுமா தம்பி? யானைகூட அவ்வளவு தின்னாது. லோடை நிறுத்தச் சொல்றேன், நீ ஆறு மணிக்கு வந்துரு"ன்னார்.

மாடுலேஷனை ஆஃப் பண்ணிட்டு, வெறும் கேரியரை வெச்சு கேபிளை அளந்தோம். மைனஸ் 1. சொல்லி வெச்ச மாதிரி! அறுபதையும் திரும்ப ஓட்டினதில் ஏழு ஃபெயில். அதில் அஞ்சுக்கு ஆன்டெனா சாக்கெட்டில் டிரை சால்டர். சூப்பர்வைசர் ரெண்டு நாள் என் முகத்தைப் பார்க்கலை. டீயும் கட்!

ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனப்போ அப்பாருகிட்ட மொத்தக் கதையையும் சொன்னேன். வெத்தலையை மென்னுக்கிட்டே பொறுமையாக் கேட்டார். அப்புறம் மோட்டார் ரூம் பக்கம் திரும்பி, "அது செரி கண்ணு... நம்ம பெட்டியை எவன் பாத்து உட்டான்?"

இப்போ அதைக் கழட்டி எடுத்துக்கிட்டு கோயம்புத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கேன்.