கல்பாசியின் பெயர்

செட்டிநாட்டு மசாலாவில் அது கல்பாசி. மராட்டியரின் கோடா மசாலாவில் தகட்பூல், அதாவது கல்பூ. பூ அன்று என்பது பார்த்தாலே விளங்கும். பாசியா என்றால், முழுமையாக அதுவும் அன்று. கையில் நொறுங்கும் அந்தச் சாம்பல்நிற மடலின் பெரும்பகுதி பூஞ்சை. கைட்டினால் ஆன செல்சுவர், பச்சையம் இல்லை, தன் உணவைத் தானே ஆக்க இயலாது. (உறவுமுறையில் பூஞ்சை, செடிகளைவிட விலங்குகளுக்கே நெருக்கம். சைவ உணவாளர் மன்னிக்க.) அதன் இழைகளுக்கிடையே மெல்லிய அடுக்காகப் பச்சைப்பாசியின் செல்கள் உறைகின்றன. ஒளியை வாங்கிச் சர்க்கரை ஆக்குபவை அவையே.

இக்கூட்டுக் குடித்தனத்தை 1867இல் சுவிஸ் தாவரவியலர் சைமன் ஷ்வெண்டனர் முன்வைத்தபோது லைக்கன் அறிஞர் பலர் சீறினர். அவரோ பூஞ்சையை எசமானுக்கும் பாசியை அடிமைக்கும் ஒப்பிட்டார். அவ்வுவமை இன்று கூசவைக்கிறது. ஆயினும் பெயரிடும் விதியில் அதன் சாயல் எஞ்சியிருக்கிறது. லைக்கனுக்கு இடப்படும் அறிவியல் பெயர் அதன் பூஞ்சைக்கே உரியது. பார்மோட்ரீமா என்பது பூஞ்சையின் பெயர். உள்ளிருந்து ஊட்டும் டிரெபூக்சியா தனியே பதிவாகிறது.

தமிழ்ச் சமையலறையோ ஊட்டுவதன் பெயரால் முழுவதையும் அழைக்கிறது. அறிந்து செய்ததன்று, ஈரத்தில் ஒட்டிப் படர்வதைப் பாசி என்பது வழக்கு, அவ்வளவே.