சுட்டிக்காரரும் அசையாத முகமும்

கதகளி நடிகர் தம் வேடத்தைத் தாம் ஒருவராகவே அணிந்துகொள்ள முடியாது என்பதிலிருந்துதான் அக்கலையின் ஒப்பனைக் கல்வியைப் புரிந்துகொள்ளத் தொடங்க வேண்டும். வள்ளத்தோள் நாராயண மேனனும் முகுந்த ராஜாவும் 1930இல் நிறுவியதும், பாரதப்புழைக் கரையில் செறுதுருத்தியில் இயங்கிவருவதுமான கேரள கலாமண்டலத்தில், வேடம், பாட்டு, செண்டை, மத்தளம் ஆகியவற்றைப் போலவே சுட்டியும் தனித்த பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. தமிழர் நெற்றியில் அணியும் சுட்டியை இச்சொல் குறிப்பதன்று. தாடையின் ஓரமாக முகத்துக்குச் சட்டமிட்டதுபோல் எழுப்பப்படும் வெண்ணிற விளிம்பே கதகளியில் சுட்டி எனப்படுகிறது.

அணியறை எனப்படும் ஒப்பனைக் கூடத்தில், ஏற்றிவைத்த விளக்கின் அருகே, வேலை மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதலில் நடிகர் கண்ணாடியைப் பார்த்துத் தம் முகத்தின் வண்ணக் கோடுகளைத் தாமே தீட்டிக்கொள்வது 'தேப்பு' ஆகும். அடுத்து அவர் பாயில் மல்லாந்து படுக்க, அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்த பசையைச் சுட்டிக்காரர் தாடையோரமாக இட்டு, அளவாக வெட்டிய காகிதத்தை அதில் பொருத்துகிறார். காகிதம் புழக்கத்துக்கு வருமுன் பசையையே அடுக்கடுக்காக ஏற்றி விளிம்பை உயர்த்தினர். மூன்றாவது கட்டம் ஆடை கட்டும் 'உடுத்துக்கெட்டு'.

இரண்டாவது கட்டத்தில்தான் கற்பித்தலின் அரிய சிக்கல் எழுகிறது. பசை காயும்வரை தாடை அசையக் கூடாது என்பதால், பேச்சு மிகவும் தேவைப்படும் வேளையில் நடிகர் பேச இயலாதவராகிவிடுகிறார். நீண்ட நேரம் படுத்திருக்கும் அவர் உறங்கிவிடுவதும் உண்டு. ஆகவே, நளனைப் போன்ற பச்சை வேடமா, இராவணனைப் போன்ற கத்தி வேடமா, முகவாய் அகன்றதா ஒடுங்கியதா, முன்பு எங்கேனும் பசை உறுத்தியதா என்பனவற்றையெல்லாம் அவர் படுப்பதற்கு முன்பே கேட்டறிந்துகொள்ள மாணவர் பழக வேண்டியிருக்கிறது. அதன் பிறகு எஞ்சுவது கையசைவும் மூச்சும் மட்டுமே. கேட்க வேண்டியதை உரிய நேரத்தில் கேட்பதற்கு இதைவிடக் கண்டிப்பான பயிற்சியைப் பாடத்திட்டத்தில் எழுதிச் சேர்ப்பது கடினம்.

ஒரே இரவில் பல வேடங்கள் மேடையேறுமிடத்து, யார் முதலில் படுப்பது என்பதும் ஆட்டக்கதை எனப்படும் கதகளிப் பனுவலின் காட்சி வரிசையைப் பொறுத்தே அமைகிறது. முனிவர், பெண் முதலான மினுக்கு வேடங்களுக்குச் சுட்டி கிடையாது. கத்தி வேடத்துக்கோ மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெண்குமிழ்கள் கூடுதலாக ஒட்டப்படும். எனவே கதையறியாத ஒப்பனையாளரால் நேரத்தைப் பங்கிட முடிவதில்லை.

உடுத்துக்கெட்டில் கற்க வேண்டியது கயிற்றின் இறுக்கத்தை. கஞ்சியிட்டு விறைப்பாக்கிய துணிகளை இடுப்பைச் சுற்றி அடுக்கிக் கயிற்றால் இழுத்துக் கட்டும்போது, எவ்வளவு இறுக்கினால் போதும் என்பதை நடிகரின் உடல்தான் சொல்ல வேண்டும்; தளர்ந்தால் ஆட்டத்தின் நடுவே ஆடை சரியும், மிகுந்தால் மூச்சு முட்டும். இடக்கை விரல்களில் வெள்ளி நகங்களை மாட்டிய பிறகு நடிகரால் ஒரு முடிச்சைக்கூட எளிதில் போட இயலாது. குமிழ மரத்தில் கடைந்த கிரீடத்தைத் தலையில் இருத்திக் கட்டவும் பிறர் கைதான் வேண்டும். இத்தகைய அணிகலன்களுக்கு மலையாளத்தில் 'கோப்பு' என்று பெயர். பாலக்காட்டு மாவட்டத்து வெள்ளிநேழி, கோப்பு செய்யும் கைவினைஞர்களால் அறியப்பட்ட ஊர். மரம் கடைபவர், கட்டுபவர், அணிபவர் என மூவரின் அறிவும் ஒரு கிரீடத்தில் கூடுகிறது.

இதனோடு வட தமிழகத்தின் கட்டைக்கூத்தை ஒப்பிடுவது பொருந்தும். அங்கே தோளிலும் மார்பிலும் அணியும் மரக் கட்டைகளைக் கட்டப் பிறர் துணை நாடினாலும், முக ஒப்பனையைக் கூத்தர் பெரும்பாலும் தாமே செய்துகொள்கிறார். அதனால் முகம் தீட்டும் கலை நடிப்போடு ஒட்டியே வளர்கிறது. கதகளியில் சுட்டி தனித்தொழிலாகப் பிரிந்துவிட்டதால்தான் நடிகருக்கும் சுட்டிக்காரருக்கும் இடையிலான உரையாடலும் ஒரு பாடமாகிறது.

ஆயினும் இக்கல்வியைக் குறையற்றதாகக் கொள்வதற்கில்லை. ஆசான் கைபார்த்துப் பழகும் முறையில் மாணவர் மாற்றுக்கருத்துச் சொல்வதற்கு இடம் குறைவு. தற்கால நாடகப் பள்ளிகளில் வரைபடத்தையும் துணி மாதிரியையும் முன்வைத்து இயக்குநரோடு வாதிடப் பழகும் மாணவருக்கு அந்த உரிமை உண்டு. மேலும், நடிகரின் பெயர் அறிந்த பார்வையாளர் பலர் அவருக்குச் சுட்டி குத்தியவரை அறிவதில்லை. விடியலில் ஆட்டம் முடிந்ததும் அந்த வெண்விளிம்பு தாடையிலிருந்து உரித்தெடுக்கப்படுகிறது. மறு ஆட்டத்துக்கு அது உதவாது.